மாசுபட்ட நிலத்தில் சூரிய மின்நிலையம்: அரசு சலுகை கொடுத்தால் நம் பக்கம் என்ன ஆகும்?

பொன்னைக்கரை (தொடக்கப் பதிவு)

சித்தூர், பொன்னை, திருவலம், குப்பம் பக்கத்து ஆட்கள் இந்த இழைக்குக் கட்டாயம் வர வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோலார் போட நிலம் கேட்டுத் தரகர்கள் சுற்றுகிறார்கள். அவர்கள் கண் படுவதெல்லாம் மேய்ச்சல் புறம்போக்கு, ஏரி உள்வாய், மழை இல்லாமல் இரண்டு வருடம் சும்மா கிடந்த மானாவாரி நிலம். "தரிசு" என்று ஒரு வார்த்தை போதும், குத்தகை பேசிவிடலாம்.

அதே நேரம் உண்மையிலேயே எதற்கும் உதவாமல் போன நிலம் நம்மைச் சுற்றி இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் ரசாயன ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கிடக்கிறது. குப்பத்திலிருந்து எட்டும் தூரத்தில் கோலார் தங்கவயலின் சயனைட் மேடுகள், அதாவது தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண். அங்கே நெல் விளையாது, மாடு மேயாது, வீடும் கட்ட முடியாது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிலத்தில் காற்றாலையோ சோலாரோ போட்டால் அரசு கூடுதல் சலுகை கொடுக்கிறது. ஜெர்மனியிலும் வேறு வகையில் உண்டு. இங்கேயும் அதைக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். ஆனால் நிலத்தைச் சுத்தம் செய்வதோடு கட்டிப்போட்ட சலுகையாக அது இருக்க வேண்டும். அந்தக் கட்டு இல்லாமல் வெறும் பணம் கொடுத்தால் ஊருக்குக் கெடுதல்தான் வரும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர் (காட்பாடி)

நல்ல கேள்வி தம்பி. முப்பது வருடத்துக்கு மேல் மின்வாரியத்தில் இருந்தவன் என்ற முறையில் முதலில் கம்பிக் கணக்கைச் சொல்கிறேன்.

சோலார் போடுகிறவருக்கு நிலத்துக்கு அடுத்த தலைவலி மின்பாதை. காட்டுக்குள் போட்டால் பத்து கிலோமீட்டருக்குக் கம்பி இழுக்க வேண்டும், கோபுரத்துக்கு நிலம் கேட்டு ஒவ்வொரு விவசாயியிடமும் நிற்க வேண்டும். பழைய தொழிற்சாலை இடத்தில் அந்தச் சிக்கல் இல்லை. துணைமின் நிலையம் பக்கத்தில் இருக்கும், லாரி போகும் சாலை இருக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியபோது சொன்ன முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. நியூயார்க் மாநிலத்தில் லாக்கவானா என்ற ஊரில் மூடிப்போன எஃகு ஆலையின் கசடு மேட்டின் மேல் 2007-ல் எட்டு காற்றாலைகள் நிறுத்தினார்கள். ஏரிக்கரைக் காற்றும் ஆலைக்கு வந்த பழைய மின்பாதையும் அங்கே தயாராக இருந்தன.

சலுகை எப்படி என்றால், அமெரிக்காவில் 2022-ல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் சோலாருக்குப் போட்ட முதலீட்டில் 30 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கூலி, பயிற்சி நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் அந்த முப்பது. மாசுபட்ட பழைய தொழில் நிலம், மூடிய நிலக்கரிச் சுரங்கம் இருந்த வட்டாரம் போன்றவற்றில் போட்டால் மேலும் 10 சதவீதப் புள்ளிகள், ஆக மொத்தம் 40. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் இதைச் சுருக்கிவிட்டது. சலுகை வேண்டும் என்றால் காற்றாலையும் சோலாரும் 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் 2027 முடிவதற்குள் ஓட ஆரம்பிக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2018-ல் தொடங்கிய திட்டத்தில் வேறு வழியில் போனது. உற்பத்தியாகும் யூனிட்டுக்குத் தொகை: மூடிய குப்பைமேட்டில் போட்டால் 4 சென்ட் கூடுதல், மாசுபட்ட தொழில் நிலத்தில் 3 சென்ட் கூடுதல். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. முதலீட்டுக்குக் கொடுத்தால் பெட்டியை இறக்கிவைத்ததும் பணம் வந்துவிடும். யூனிட்டுக்குக் கொடுத்தால் வருடக் கணக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நகரி நெசவு

சார், ஒரு சந்தேகம். விஷம் கிடக்கிற நிலத்தை யாராவது குத்தகைக்கு எடுப்பார்களா? நாளைக்கு வழக்கு வந்தால் அவர் தலையில்தானே விழும்?

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

விழும். அங்கேயும் அதுதான் முதல் தடையாக இருந்தது. மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய அமெரிக்காவில் 1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்படி நிலம் யார் கையில் இருக்கிறதோ அவரையும் பொறுப்பாக்கலாம். அதனால் வங்கி கடன் கொடுக்காது, யாரும் வாங்க மாட்டார்கள், நிலம் அப்படியே கிடக்கும். 2002-ல் திருத்தம் கொண்டு வந்தார்கள். முன்கூட்டியே நிலத்தைச் சோதித்துவிட்டு, தெரிந்தே வாங்குகிறவர், மாசு மேலும் பரவாமல் பார்த்துக்கொண்டால், பழைய மாசுக்கு அவரைப் பிடிக்கக் கூடாது. கெடுத்தவர் மேல் உள்ள பொறுப்பு அப்படியே நிற்கும். பணச்சலுகையை விட இந்தப் பாதுகாப்புதான் பல இடங்களில் வேலையைத் தொடங்க வைத்தது என்பது என் எண்ணம்.

தோல் ஷாப்பு (மாந்தாங்கல் பக்கம்)

எல்லாரும் சலுகையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ராணிப்பேட்டைக் குரோமேட் கழிவுக் குவியலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும், தெரியுமா உங்களுக்கு? எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. என் அப்பா அந்த ஆலையில் வேலை செய்தவர். அவருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை. குரோமேட் ஆலை வேலைக்காரர்களுக்கு வருகிற வியாதி அது.

ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடியது. 2006-ல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்க அமைப்பு உலகிலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அதற்குப் பிறகும் எத்தனை ஆய்வு, எத்தனை கமிட்டி. குவியல் அங்கேயே இருக்கிறது.

இப்போது அதன் மேல் கண்ணாடித் தகடு போட்டால் என்ன ஆகும்? மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவார், பசுமை மின்சாரம் என்று பலகை வைப்பார்கள். அதன் பிறகு நாங்கள் கிணற்றைப் பற்றிப் பேசினால் "அங்கேதான் சோலார் வந்துவிட்டதே" என்பார்கள். இருபத்தைந்து வருடக் குத்தகை போட்டுவிட்டால் இருபத்தைந்து வருடத்துக்கு யாரும் மண்ணைத் தோண்ட முடியாது. எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

பொன்னைக்கரை

அண்ணே, நீங்கள் சொல்வதுதான் இந்த இழையின் நடுப்புள்ளி. நீங்கள் ஒதுங்கிவிடாமல் கடைசி வரை இருக்க வேண்டும்.

மண்ணியல் மாணவி

அண்ணன் சொன்னதோடு மண் பக்கத்து விஷயத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்தக் குவியல் சாதாரணக் குப்பைமேடு இல்லை.

குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து வறுத்து, தண்ணீரில் கரைத்துக் குரோமேட்டை எடுப்பார்கள். மிஞ்சும் கசடில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இன்னும் இருக்கும். அது தண்ணீரில் எளிதாகக் கரையும், மஞ்சள் நிறம் அதனால்தான். புற்றுநோய் உண்டாக்கும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் அவ்வளவாகக் கரையாது, ஆபத்தும் குறைவு. அதனால் இரும்பு சல்பேட் போன்றவற்றைக் கலந்து ஆறை மூன்றாக மாற்றுவதுதான் சிகிச்சையின் அடிப்படை. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம்.

இந்தக் கசடுக்கு இன்னொரு குணம் உண்டு. கடுமையான காரத்தன்மை கொண்டது, தண்ணீர் பட்டு வருடக்கணக்கில் உள்ளே வேதிமாற்றம் நடந்து ஊதி எழும்பும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஹட்சன் கவுண்டியில் இதே வகைக் கசடை நிரப்பு மண்ணாகப் போட்டுக் கட்டடம் கட்டினார்கள். தரை எழும்பிச் சுவர் வெடித்தது, சாலை மேடு தட்டியது. எனவே சிகிச்சை செய்யாமல் மேலே காங்கிரீட் கட்டைகளை வைத்து வரிசையாகத் தகடு மாட்டினால் சில வருடத்தில் வரிசை கோணலாகும். அதை விடப் பெரிய ஆபத்து, மழைநீர் இறங்காமல் போட்ட மூடாக்கு கிழியும்.

பொதுவாக மாசு நிலத்தில் சோலார் போடும்போது மண்ணில் கம்பம் அடிக்க மாட்டார்கள். மூடாக்கில் ஓட்டை விழுந்துவிடும் என்பதால், எடை வைத்து நிறுத்தும் கட்டைகள் மேல் சட்டம் பொருத்துவார்கள், கேபிளும் தரைக்கு மேலேதான் போகும். செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவை ஈடுகட்டத்தான் இந்தச் சலுகையே. மாசை நீக்குகிற செலவுக்கு அது வராது.

பொன்னைக்கரை

நன்றி அம்மா. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், எல்லாரும் சரிபாருங்கள்.

1 மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். குவியல் 5 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், வருவது 1 மெகாவாட். நம் வெயிலுக்கு வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட். யூனிட் 3 ரூபாய் என்றால் 48 லட்சம். இருபத்தைந்து வருடத்துக்கு 12 கோடி, பராமரிப்பு, வட்டி எல்லாம் கழிப்பதற்கு முன்னால். கழிவைச் சிகிச்சை செய்யவோ பாதுகாப்பான குழிக்கு மாற்றவோ டன்னுக்கு வெறும் 5,000 ரூபாய் என்றே வைத்தாலும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு 75 கோடி.

மின்நிலையம் கட்ட 5 கோடி ஆகும் என்றால் அமெரிக்கா கொடுத்த மாதிரி பத்து சதவீதக் கூடுதல் என்பது 50 லட்சம். 75 கோடிக்கு முன்னால் 50 லட்சம்.

அதனால் "சோலார் வருமானத்தில் சுத்தம் செய்துவிடுவோம்" என்று யாராவது மனு எழுதிக்கொண்டு வந்தால் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். சுத்தம் செய்கிற பணம் கெடுத்தவரிடமிருந்தோ அரசிடமிருந்தோ முதலில் வர வேண்டும். இண்டியானாபொலிஸ் நகரில் கரித்தார் ஆலை இருந்த சூப்பர்ஃபண்ட் நிலத்தில் 2014-ல் சுமார் 11 மெகாவாட் சோலார் வந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் பழைய எலிசபெத் செம்புச் சுரங்கத்தின் கழிவு மேல் 2017-ல் வந்தது. இரண்டிலும் சிகிச்சையும் மூடாக்கும் முன்னால், தகடு பின்னால்.

குப்பம் மேட்டுத்தெரு

ராணிப்பேட்டைக் குவியல் சின்னது, விஷம் அதிகம். எங்கள் பக்கம் அதற்கு நேர்மாறு. கோலார் தங்கவயலில் என் மாமா வீடு இருக்கிறது, அங்கே முக்கால்வாசித் தெரு தமிழ்தான். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியது. பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், மூன்றேகால் கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண். ஆடி மாதக் காற்றில் வெள்ளைத் தூசி வீட்டுக்குள் வந்து தண்ணீர்க் குடத்தின் மேல் படியும். மாமா வீட்டில் சன்னலைத் திறப்பதே இல்லை.

உங்கள் கணக்குப்படி ஆயிரம் ஏக்கர் என்றால் 200 மெகாவாட். ஆனால் மேட்டின் சரிவில் போட முடியாது, மேல்தட்டு மட்டும்தான். தூசி படிந்தால் உற்பத்தி குறையும், கழுவத் தண்ணீர் எங்கே? முதலில் மேட்டில் புல்லோ செடியோ பிடிக்க வைத்துத் தூசியை அடக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2024-ல் அந்த மண்ணை மறுபடி அரைத்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது நடந்தால் மேடு நகரும். அதுவரை அங்கே தகடு போட்டுப் பயனில்லை. அரைத்து முடித்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், எப்படி மூடுவார்கள் என்பதை இப்போதே கேட்டு, அந்தப் புதிய மேட்டைச் சோலாருக்கு ஏற்ற மாதிரி தட்டையாக, மூடாக்கோடு அமைக்கச் சொல்லலாம். எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் நல்லது.

ஆட்டுக்காரர் மகன் (பங்காருபாளையம்)

பொன்னைக்கரை முதலில் சொன்ன தரிசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அரசு ஏட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலத்தில்தான் எண்பது வீட்டு ஆடு மேய்கிறது. விவசாயிகளுக்கான சோலார் திட்டம் என்று 2019-ல் வந்த பிரதமர் குசும் திட்டத்தின் முதல் பிரிவைப் படித்துப் பாருங்கள். 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை சோலார் போடலாம், எங்கே என்றால் தரிசு, வெறும் நிலம், சதுப்பு, மேய்ச்சல் நிலம். மேய்ச்சல் நிலத்தின் பெயர் எழுதியிருக்கிறது, மாசுபட்ட நிலத்தின் பெயர் இல்லை. நம் அரசுக்கு எது வெறும் நிலமாகத் தெரிகிறது என்று அதிலேயே புரிகிறது.

விஷ நிலத்துக்குக் கூடுதல் சலுகை கொடுத்தால் எங்கள் ஆடு தப்பிக்கும். நான் ஆதரவு.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

அதே குசும் திட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. அந்த மின்சாரத்தை வாங்கும் விநியோக நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு 40 பைசா, அல்லது மெகாவாட்டுக்கு வருடம் 6.6 லட்சம், எது குறைவோ அது, ஐந்து வருடத்துக்கு. ஆக யூனிட் அடிப்படையில் ஊக்கத்தொகை கொடுக்கும் பழக்கம் நம் அரசுக்குப் புதிதில்லை. சோலார் பூங்காவுக்கு மெகாவாட்டுக்கு 20 லட்சம் வரை கொடுக்கிற மத்தியத் திட்டமும் இருக்கிறது. புதிதாகத் துறை தொடங்க வேண்டாம், இவற்றில் மாசு நிலத்துக்கு ஒரு பிரிவு சேர்த்தால் போதும்.

ஜெர்மனியில் சலுகையே நிலத்தைப் பார்த்துத்தான். தரையில் அமைக்கும் சோலாருக்கு உத்தரவாத விலை வேண்டும் என்றால் பழைய ராணுவத் தளம், குப்பைமேடு, நெடுஞ்சாலை ஓரம் மாதிரி இடமாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். விளைநிலத்தைக் காப்பாற்ற அதுவும் ஒரு வழி.

நகரி நெசவு

இங்கே சட்டம் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் கோரிக்கைதானா?

மண்ணியல் மாணவி

இருக்கிறது அண்ணா. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசுபட்ட இடங்களுக்கென்றே விதிகள் வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாநில அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 90 நாளில் முதல்கட்டச் சோதனை, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். அவர் கொடுக்காவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும். நாடு முழுக்க 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டு, ஏழில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது என்று அப்போது செய்தி வந்தது.

ஆனால் சுரங்க வேலையால் வந்த மாசு இந்த விதிக்குள் வராது, அதற்கு வேறு சட்டம் என்று விட்டுவிட்டார்கள். குப்பைக் கிடங்குகளும் அப்படித்தான். எனவே ராணிப்பேட்டைக்கு இந்த விதியைக் கையில் எடுக்கலாம். தங்கவயல் மேட்டுக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்.

தோல் ஷாப்பு

மாசுபடுத்தியவரே செலவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே எங்கள் வேலூர் தோல் கழிவு வழக்கில் சொல்லிவிட்டது. நாடு முழுக்க வக்கீல்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடுகிறார்கள். 2025 ஜனவரியிலும் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் மறுபடி அழுத்திச் சொன்னார்கள். தீர்ப்பு எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிறது, கிணறு இன்னும் மஞ்சளாக இருக்கிறது.

சரி, நீங்கள் எல்லாரும் பேசியதைப் படித்த பிறகு என் நிலையைத் தெளிவாகச் சொல்கிறேன். குவியலுக்குச் சிகிச்சை முடிந்து, நிலத்தடி நீரைச் சோதிக்கும் கிணறுகள் சுற்றிலும் போட்டு, அந்த அளவுகளைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிய பிறகு சோலார் வரட்டும். அதற்கு முன்னால் வந்தால் நாங்கள் தடுப்போம்.

பொன்னைக்கரை

அப்படியானால் நாம் ஒரே பக்கம்தான் அண்ணே. அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மான வரைவு எழுதியிருக்கிறேன்:

"மாசுபட்ட நிலத்தில் சூரிய மின்நிலையம் அமைப்பவருக்கு யூனிட் அடிப்படையில் கூடுதல் தொகை வழங்க அரசை இந்த ஊராட்சி கேட்டுக்கொள்கிறது. 2025 விதிகளின்படி அந்த நிலத்தின் சீரமைப்பு முடிந்ததாகச் சான்று பெற்ற பிறகே அத்தொகை தொடங்க வேண்டும். நிலத்தைக் கெடுத்த நிறுவனமோ அதன் பங்குதாரர்களோ இத்தொகையைப் பெறக் கூடாது. புதிதாக வருபவருக்குப் பழைய மாசின் பொறுப்பு இல்லை என்று எழுத்தில் கொடுக்கலாம். கெடுத்தவரின் பொறுப்பு அதனால் ஒருபோதும் நீங்காது. மேய்ச்சல் புறம்போக்கில் அமைக்கும் மின்நிலையத்துக்கு ஊக்கத்தொகை நிறுத்தப்பட வேண்டும்."

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆட்டுக்காரர் மகன்

எங்கள் பக்கம் தெலுங்கில் வேண்டும். நான் எழுதித் தருகிறேன். கடைசி வரியை முதல் வரியாக மாற்றினால் எங்கள் ஊரில் கைதூக்க ஆள் வருவார்கள்.

மண்ணியல் மாணவி

"சீரமைப்பு முடிந்ததாகச் சான்று" என்பதோடு, மின்நிலையம் ஓடும் காலம் முழுக்க நிலத்தடி நீர்ச் சோதனை நடக்க வேண்டும், அளவு கூடினால் தொகை அந்த மாதமே நிற்க வேண்டும் என்று சேருங்கள். மூடாக்கு கிழிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தண்ணீர்தான்.

தோல் ஷாப்பு

ஆலையில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு மருத்துவச் சோதனை என்று ஒரு வரி வேண்டும். சோலாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொல்வார்கள். அந்த நிலத்தில் பணம் புழங்கப் போகிறது என்றால் முதல் பங்கு அவர்களுக்குத்தான்.

பொன்னைக்கரை

இரண்டையும் சேர்த்துவிட்டேன், மேய்ச்சல் வரியையும் மேலே ஏற்றிவிட்டேன். ராணிப்பேட்டைப் பக்கத்து ஊராட்சிகளில் யார் யார் தீர்மானம் வைக்கப் போகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். குப்பம் நண்பர் தங்கவயலுக்குத் தனியாக ஒரு வரைவு தொடங்குங்கள், சுரங்கத் துறைக்குப் போக வேண்டிய மனு அது.

குப்பம் மேட்டுத்தெரு

தொடங்குகிறேன். மாமாவிடம் மேடுகளின் சர்வே எண்களைக் கேட்டிருக்கிறேன், வந்ததும் தனி இழையில் போடுகிறேன்.